கம்ப்ரசர் குளிப்பில் கால் விழுந்துபோவது: படகில் என்ன வைப்பது, முதல் ஒரு மணி நேரம் என்ன செய்வது?

சங்குத்துறை கேட்டது:

வணக்கம். தூத்துக்குடிப் பக்கம் சங்கு குளிக்கப் போகும் படகுகளில் தொங்கவிட ஒரே ஒரு தாள் தயாரிக்கிறோம். முன்பக்கம், பின்பக்கம், லேமினேஷன். அவ்வளவுதான் இடம். அதில் ஒரு வரி தப்பாகப் போனாலும் யாரோ ஒருத்தர் தலையில்தான் விடியும். அதனால் விவரம் தெரிந்தவர்களிடம் கேட்டுவிட்டு எழுதலாம் என்று இங்கே போடுகிறேன்.

நிலவரம் இது. படகில் ஓடும் கம்ப்ரசரிலிருந்து காற்று வரும் டியூபை வாயில் கவ்விக்கொண்டு 10 முதல் 13 பாகம் (ஒரு பாகம் 6 அடி) வரை இறங்குகிறார்கள். ஒரு நாளில் மூன்று, நான்கு இறக்கம். கீழே இருக்கும் நேரத்துக்குக் கணக்கு கிடையாது. பை நிறைந்தால் மேலே வருவார்கள். வந்து அரை மணி, ஒரு மணி கழித்து இடுப்பைச் சுற்றிக் கச்சை கட்டி இறுக்கியதுபோல் வலி. பிறகு பாதத்தில் எறும்பு ஊரும், முழங்கால் மடங்கும், ஒன்றுக்கு வராமல் அடிவயிறு கல்லாகும். கரையில் இதை வாதம் என்று சொல்லி எண்ணெய் தடவுகிறார்கள். படகிலேயே டியூபைத் திரும்ப வாயில் கொடுத்துக் கீழே இறக்கும் பழக்கமும் இருக்கிறது.

கேட்க வேண்டியவை: தண்டுவடத்தை மட்டும் ஏன் இது பிடிக்கிறது? எந்த ஆழத்தில் எத்தனை நிமிடம் இருக்கலாம்? ஆக்சிஜன் எவ்வளவு வைக்க வேண்டும்? மறுபடி இறக்குவது சரியா? ஆஸ்பத்திரியில் என்ன சொல்லிக் கேட்க வேண்டும்? கால் திரும்பாமல் வீட்டுக்கு வந்துவிட்டவரை எப்படிப் பார்த்துக்கொள்வது?

---

அழுத்தஅறை பதில்:

நீங்கள் சொல்வது அழுத்தநீக்க நோய். மறுபடி இறக்குவதைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். தாளில் அதுதான் பெரிய எழுத்தில் வர வேண்டும்: கால் மரத்தவரைத் திரும்பக் கடலுக்குள் இறக்காதீர்கள். அந்தப் பழக்கம் ஏன் நிற்கவில்லை என்றால், கீழே போனதும் உடம்புக்குள் உண்டான நைட்ரஜன் குமிழி சுருங்கி வலி நிஜமாகவே குறைகிறது. ஆனால் அவர் அங்கே சுவாசிப்பதும் அதே காற்றுதான். இன்னும் நைட்ரஜன் ஏறும். மேலே வரும்போது அந்தக் குமிழிகள் முன்பைவிடப் பெரிதாக விரியும். கால் அசையாத, வாந்தி வரக்கூடிய ஒருவர் தண்ணீருக்குள் டியூபைத் தவறவிட்டால் அதோடு முடிந்தது. தண்ணீருக்குள் வைத்துச் சிகிச்சை தரும் முறை ஒன்று உண்டு. அதற்குச் சுத்த ஆக்சிஜன், முகம் முழுக்க மூடும் மாஸ்க், கூடவே இறங்கும் பயிற்சி பெற்ற ஆள், 9 மீட்டருக்குமேல் போகாத ஆழம் எல்லாம் வேண்டும். சங்குப் படகில் இதில் ஒன்றுகூட இல்லை.

இனி தண்டுவடம். கடலில் 10 மீட்டருக்கு ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. 11 பாகத்தில், அதாவது சுமார் 20 மீட்டரில், கரையைப் போல மூன்று மடங்கு. அந்த அழுத்தத்தில் சுவாசிக்கும் காற்றின் நைட்ரஜன் ரத்தத்திலும் திசுக்களிலும் கரைந்துகொண்டே போகும். தண்ணீரைவிடக் கொழுப்பில் ஏறத்தாழ ஐந்து மடங்கு கரையும். தண்டுவடத்தின் நரம்பிழைகளைச் சுற்றியிருக்கும் உறையில் கொழுப்பு அதிகம். அதோடு வடத்தைச் சுற்றிப் பின்னிக் கிடக்கும் சிரைகளுக்கு வால்வு கிடையாது, ரத்தம் மெதுவாகத்தான் நகரும். வேகமாக மேலே ஏறினால் கரைந்த வாயு குமிழியாகி அந்தச் சிரைகளில் தேங்குகிறது. உள்ளே வந்த ரத்தம் வெளியேற வழியில்லாமல் வடம் வீங்குகிறது. சில குமிழிகள் வடத்துக்குள்ளேயே உருவாகின்றன. பாதிப்பு பெரும்பாலும் மார்புப் பகுதியிலும் அதற்குக் கீழும் விழுவதால் கை நன்றாக இருக்க, கால் மட்டும் போகிறது.

அமெரிக்கக் கடற்படையின் டைவிங் கையேட்டுக் கணக்குப்படி அழுத்தநீக்க நோயின் அறிகுறி 42 சதவீதம் பேருக்கு முதல் 1 மணி நேரத்திலும், 60 சதவீதம் பேருக்கு 3 மணிக்குள்ளும், 83 சதவீதம் பேருக்கு 8 மணிக்குள்ளும், 98 சதவீதம் பேருக்கு 24 மணிக்குள்ளும் தெரிந்துவிடுகிறது. ஆகவே காலையில் குளித்தவருக்கு மாலையில் கால் மரத்தாலும் காரணம் கடல்தான் என்று எடுத்துக்கொள்ளுங்கள். இன்னொன்றையும் தாளில் போடுங்கள்: இடுப்பு வலி நின்று அந்த இடத்தில் மரமரப்பு வந்தால் அது குணமாவது ஆகாது. உணர்ச்சி போய்க்கொண்டிருக்கிறது என்று பொருள்.

படகில் செய்ய வேண்டியது:

மல்லாக்கப் படுக்க வையுங்கள். வாந்தி வந்தாலோ மயங்கினாலோ ஒருக்களித்து. உட்கார வைப்பது, நடக்க வைத்துப் பார்ப்பது கூடாது. உடனே ஆக்சிஜன், பை வைத்த மாஸ்க்கில், நிமிடத்துக்கு 15 லிட்டர். மாஸ்க்கை வைக்கும் முன் பையை நிரப்பிக்கொள்ளுங்கள். அவர் மூச்சை இழுக்கும்போது பை முழுக்கச் சப்பிப்போகக் கூடாது. மூக்கில் செருகும் குழாய் இதற்குப் போதாது. தெளிவாக விழுங்க முடிந்தால், வாந்தி இல்லையென்றால், தண்ணீரோ ஓஆர்எஸ்ஸோ கொஞ்சம் கொஞ்சமாக. ஒன்றுக்குப் போகவில்லை என்றால் வாய்வழியாக நிறையக் கொடுத்துச் சிறுநீர்ப்பையை உப்ப விடாதீர்கள். சாராயம், வலி மாத்திரை, எண்ணெய் தேய்ப்பு, ஒத்தடம் எதுவும் வேண்டாம். மரத்த தோலில் சூடு தெரியாது. கொப்பளித்த பிறகுதான் தெரியும்.

ஒரு பால்பாயின்ட் பேனா படகில் இருக்கட்டும். கால் விரலிலிருந்து மேலே விரலால் தொட்டுக்கொண்டே வாருங்கள். உணர்ச்சி தொடங்கும் இடத்தில் தோலின்மேல் கோடு போட்டு நேரத்தை எழுதுங்கள். அரை மணிக்கு ஒரு முறை இதையே செய்யுங்கள். கோடு தொடையிலிருந்து தொப்புளுக்கு ஏறுகிறதா, கீழே இறங்குகிறதா என்பது மருத்துவருக்கு எந்த ஸ்கேனையும்விட முதலில் உதவும்.

ஆக்சிஜன் அளவு: பி டைப் மருத்துவ சிலிண்டர் நிரம்பியிருந்தால் சுமார் 1500 லிட்டர். 15 லிட்டர் வேகத்தில் 100 நிமிடம். கேஜில் 150 இருந்தால் முழுசு. 75 காட்டினால் 50 நிமிடம்தான் கைவசம். கரைக்கு ஒன்றரை மணி நேரத் தூரம் என்றால் இரண்டு பி டைப் இல்லாமல் போகாதீர்கள். டி டைப்பில் 7000 லிட்டர் இருக்கும், ஏழரை மணி நேரத்துக்கு மேல் வரும். ஆனால் சின்னப் படகில் அதைக் கட்டிவைத்துச் சமாளிக்க முடியாது, கரையில் வைக்கலாம். வால்வு திறக்கும் சாவியைக் கயிறு போட்டு சிலிண்டர் கழுத்திலேயே கட்டுங்கள். சிலிண்டர் இருந்தும் சாவி இல்லாமல் திண்டாடுவது சாதாரணமாக நடக்கிற விஷயம். உப்புக் காற்றில் துரு பிடிக்கிறதே என்று வால்விலோ ரெகுலேட்டரிலோ கிரீஸ், எண்ணெய் தடவினால் ஆக்சிஜன் பட்டுத் தீப்பிடிக்கும். என்ஜின், பீடி, அடுப்பு எல்லாம் தள்ளி இருக்கட்டும்.

ஆஸ்பத்திரிக்கு: 108-ல் சொல்லும்போதே ஆக்சிஜன் நிறுத்தாமல் வர வேண்டும் என்று சொல்லுங்கள். கடலில் இருந்தால் இந்தியக் கடலோரக் காவல்படைக்கு 1554. அவசரப் பிரிவில் "கால் வரவில்லை" என்று மட்டும் சொன்னால் டிஸ்க், நரம்பு அழற்சி என்று தேடப் போய்விடுவார்கள். "ஆழத்தில் அழுத்தக் காற்று சுவாசித்தார், இத்தனை மீட்டர், இத்தனை நிமிடம், மேலே வந்து இத்தனை நேரத்தில் ஆரம்பித்தது, கடைசியாக இத்தனை மணிக்குச் சிறுநீர் போனார்" என்று எழுதியே கொடுங்கள். எம்ஆர்ஐ சில நேரம் தொடக்கத்தில் சுத்தமாகவே வரும். அதை நம்பி நோய் இல்லை என்று முடிவு செய்யவும் கூடாது, அதற்காக அழுத்த அறையை (ஆளை உள்ளே வைத்து அழுத்தம் ஏற்றி ஆக்சிஜன் கொடுக்கும் அறை) தள்ளிப்போடவும் கூடாது. வலிக்கு நைட்ரஸ் ஆக்சைடு கலந்த வாயு கொடுக்கவே கூடாது. அது குமிழிக்குள் புகுந்து பெரிதாக்கும்.

அழுத்த அறையைத் தேடும்போது கேட்க வேண்டிய மூன்று கேள்வி: 2.8 வளிமண்டல அழுத்தம் வரை போக முடியுமா? இடையிடையே சாதாரணக் காற்று கொடுக்க வசதி உண்டா? நோயாளியோடு ஆள் உள்ளே இருக்க முடியுமா? சர்க்கரைப் புண்ணுக்கு வைத்திருக்கும் ஒற்றை ஆள் அறைகள் பல 2 முதல் 2.4 வரைதான் ஓட்டப்படுகின்றன. வழக்கமான சிகிச்சை முறை, அட்டவணை 6 என்பார்கள், இப்படிப் போகும்: 18 மீட்டர் அழுத்தத்தில் 20 நிமிடம் ஆக்சிஜன், 5 நிமிடம் காற்று, இப்படி மூன்று சுற்று. பிறகு 30 நிமிடத்தில் மெதுவாக 9 மீட்டருக்கு ஏற்றி, அங்கே ஒரு மணி நேர ஆக்சிஜன் இரண்டு முறை, ஒவ்வொன்றுக்கும் முன் 15 நிமிடம் காற்று. பிறகு மேலே. மொத்தம் 285 நிமிடம். முன்னேற்றம் நிற்கும் வரை அடுத்தடுத்த நாட்களும் கொடுப்பார்கள். சிறுநீர்க் குழாய் போட்டிருந்தால் அதன் பலூனில் காற்று வைக்காமல் தண்ணீர் நிரப்பச் சொல்லுங்கள். காற்று அழுத்தத்தில் சுருங்கிக் குழாய் நழுவிவிடும்.

இரண்டு நாள் ஆகிவிட்டது, இனிப் பயனில்லை என்று விட்டுவிடாதீர்கள். தாமதமானாலும் பலன் கிடைப்பதுண்டு. விமானம் வேண்டாம், சாலையிலும் 300 மீட்டர் உயரத்துக்கு மேல் ஏறும் மலைப்பாதையைத் தவிர்க்க வேண்டும். எங்கே கொண்டுபோவது என்று மருத்துவருக்கே சந்தேகம் என்றால், டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க்கின் 24 மணி நேர அவசர எண் +1-919-684-9111. அங்கே ஆழ்கடல் மருத்துவம் தெரிந்த டாக்டரோடு அவரே நேரடியாகப் பேசலாம்.

---

பாகக்கணக்கு பதில்:

மேலே சொன்னது வந்த பிறகு பார்ப்பது. வராமல் பார்ப்பது நிமிடக் கணக்கில் இருக்கிறது.

முதலில் பாகத்தைச் சரிசெய்யுங்கள். ஆள் கைக்கு ஆள் கை பாகம் மாறும். டேப் வைத்து 6 அடிக்கு ஒரு முடிச்சு போட்ட கயிறு ஒன்று தயார் செய்தால், கீழ்க்கண்ட கணக்கு அப்படியே பொருந்தும். அமெரிக்கக் கடற்படை அட்டவணைப்படி, நிறுத்தம் போடாமல் நேரே ஏறி வர அனுமதிக்கும் உச்சவரம்பு:

8 பாகம் வரை 92 நிமிடம்
10 பாகம் வரை 60 நிமிடம்
11 பாகம் வரை 48 நிமிடம்
13 பாகம் வரை 39 நிமிடம்
15 பாகம் வரை 30 நிமிடம்
16 பாகம் வரை 25 நிமிடம்

நேரம் ஓடத் தொடங்குவது தலை தண்ணீருக்குள் போன கணத்திலிருந்து. தரையைத் தொட்ட பிறகு என்று எண்ணாதீர்கள். தரையை விட்டு மேலே கிளம்பும் வரை அது ஓடும்.

எல்லோரும் தவறு செய்வது இரண்டாவது இறக்கத்தில். முதல் இறக்கத்தின் நைட்ரஜன் உடம்பில் மிச்சம் இருக்கும்போதே அடுத்தது ஏறுகிறது. மேலே ஓய்வெடுத்த நேரத்தைக் கழித்துக் கணக்கிட அட்டவணை இருக்கிறது. ஆனால் ஆடுகிற படகில் அதைப் பார்த்து யாரும் கூட்டப் போவதில்லை. தாளில் ஒரே விதி போடுங்கள்: அன்றைய இறக்கங்கள் எல்லாவற்றின் நிமிடத்தையும் கூட்டினால், அன்று போன அதிக ஆழத்தின் வரம்புக்குள் அடங்க வேண்டும். இது கடுமையான விதிதான், தெரியும். கேள்வியில் இருக்கிற ஆழத்தையும் இறக்கத்தையும் வைத்தே பாருங்கள். 12 பாகத்தில் 40 நிமிடம் வீதம் நான்கு இறக்கம் என்றால் 160 நிமிடம், வரம்பு 39. நான்கு மடங்கு. இப்படி இறங்கி, இடையில் நிறுத்தமில்லாமல் ஏறி வருகிற ஆளுக்குக் கால் போவதில் ஆச்சரியப்பட எதுவும் இல்லை.

பழைய காலத்துச் சங்கு, முத்துக் குளிப்பில் கல்லைக் கட்டி ஒரே மூச்சில் இறங்கினார்கள். எடுத்துப் போனது ஒரு மூச்சுக் காற்று. ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடத்தில் மேலே. அதே தரைதான், அதே ஆழம்தான். டியூப் வந்த பிறகு கீழே இருக்கும் நேரத்துக்கு எல்லை போய்விட்டது. அப்பாவும் தாத்தாவும் இதே இடத்தில் குளித்தார்களே என்று சொல்பவர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டும்.

ஏறும் வேகம் நிமிடத்துக்கு 30 அடி, அதாவது 5 பாகம். ஒரு முடிச்சுக்கு 12 விநாடி. 12 பாகத்திலிருந்து வர இரண்டரை நிமிடம் ஆக வேண்டும். கயிறு பிடிக்கிறவர் இதை எண்ணிக்கொண்டு விட வேண்டும், இழுத்துத் தூக்கக் கூடாது. 3 பாகத்தில் வந்ததும் கயிற்றைப் பிடித்தபடி 5 நிமிடம் நிற்கட்டும். அந்த முடிச்சில் சிவப்புத் துணி கட்டிவிட்டால் கீழே இருப்பவருக்கும் தெரியும். கடைசி 5 பாகத்தில்தான் குமிழி இரண்டு மடங்காகிறது. அங்கே அவசரப்படுவதுதான் மிக ஆபத்து. அன்று ஆழமான இறக்கம் முதலில், ஆழம் குறைந்தது பிறகு. ஏறி வந்ததும் நங்கூரம் இழுப்பது போன்ற கனமான வேலையை வேறு ஆள் பார்க்கட்டும்.

கம்ப்ரசர் நின்றுபோனால் ஆள் மூச்சைப் பிடித்துக்கொண்டு மேலே பாய்வார். அது வேறு விபத்து: நுரையீரல் கிழிந்து காற்று நேரே மூளைக்குப் போகும். நுரையீரல் நிறையக் காற்றோடு ஏறினால் 4 அடி ஆழமே அதற்குப் போதும். மேலே வந்த 10 நிமிடத்துக்குள் மயக்கம், வலிப்பு, ஒரு பக்கம் இழுத்துக்கொள்வது வந்தால் அதுதான். முதலுதவி ஒன்றுதான்: படுக்கை, ஆக்சிஜன், அழுத்த அறை. எந்த நிலையிலும் மேலே வரும்போது காற்றை வெளியே விட்டுக்கொண்டே வரச் சொல்லிப் பழக்குங்கள்.

கருவியில் கட்டாயம் இருக்க வேண்டியவை. சேமிப்புத் தொட்டி: 50 லிட்டர் தொட்டியில் 7 பார் இருந்தால், 11 பாகத்தில் ரெகுலேட்டர் (மூச்சை இழுக்கும்போது மட்டும் காற்று விடும் வாய்க்கருவி) போட்ட ஒரு ஆளுக்கு என்ஜின் நின்ற பிறகும் சுமார் 4 நிமிடக் காற்று வரும். ஏற இரண்டேகால் நிமிடம். இரண்டு பேர் ஒரே தொட்டியில் தொங்கினால் அது பாதியாகிவிடும், போதாது. வாயில் திறந்த டியூபாகக் கவ்வுவதை விட்டு ரெகுலேட்டர் மாட்டுங்கள். திறந்த டியூபில் பெரும்பகுதி காற்று வீணாகிறது. ஆள் பக்கத்து முனையில் ஒருவழி வால்வு வேண்டும். அது இல்லாமல் மேலே டியூப் வெட்டுப்பட்டால் ஆழத்தின் அழுத்தம் அவர் நுரையீரலில் இருக்கும் காற்றையே உறிஞ்சி மேலே தள்ளும். டியூப் இடுப்புப் பட்டையில் கட்டியிருக்க வேண்டும், பல்லில் மட்டும் தொங்கக் கூடாது.

காற்று எடுக்கும் குழாயின் வாய் என்ஜின் புகைக்கு எதிர்த்திசையில், ஆள் உயரத்துக்கு மேல். காற்று திரும்பும்போது படகும் திரும்பும். அப்போது அதைப் பார்த்து மாற்ற ஒரு ஆள் பொறுப்பு. கார்பன் மோனாக்சைடு 10 பிபிஎம்முக்கு மேல் போகக் கூடாது. தலைவலி, குமட்டலோடு மேலே வந்தால் முதலில் புகையைச் சந்தேகியுங்கள். டயருக்குக் காற்றடிக்கும், பெயின்ட் அடிக்கும் கம்ப்ரசரில் எண்ணெய் ஆவி காற்றோடு வரும். கரி வடிகட்டியும் ஈரம் பிரிக்கும் குடுவையும் இல்லாமல் அதைச் சுவாசிக்கவே கூடாது.

---

முல்லைக்கடல் பதில்:

இலங்கைப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். இங்கே கடலட்டை, சங்கு எடுக்கிற சுழியோடிகள் பெரும்பாலும் சிலிண்டரோடுதான் இறங்குவினம். பாகக்கணக்கு அண்ணா சொன்னதோடு ஒரு விசயம் சேர்க்க வேணும்.

12 லிட்டர் சிலிண்டர் 200 பாருக்கு நிரப்பினால் 2400 லிட்டர் காற்று. 20 மீட்டரில் ஒருவருக்கு நிமிசத்துக்கு 60 லிட்டர் அளவில் போகும். 40 நிமிசத்தில் முடிஞ்சிடும். அந்த ஆழத்துக்கு வரம்பு 48. அதாவது முதல் சிலிண்டர் தானாகவே ஆளைக் காப்பாற்றி மேலே அனுப்புது. இரண்டாவது சிலிண்டரை மாட்டின உடனே அந்தக் காவல் போய்விடும். இங்கே ஒரு நாளைக்கு எத்தனை சிலிண்டர் எண்டு கதைக்கிறவர்கள், எத்தனை நிமிசம் எண்டு கதைக்கிறதில்லை. வள்ளத்தில் ஏற்றுகிற சிலிண்டரை ஆளுக்கு ஒன்று எண்டு குறைச்சால் பாதிப் பிரச்சினை கரையிலேயே முடியும்.

சிலிண்டருக்குள் இருக்கிறது சாதாரணக் காற்று, ஒட்சிசன் இல்லை. வருத்தம் வந்தவருக்கு அதைக் கடிக்கக் கொடுத்துவிட்டு "ஒட்சிசன் குடுத்தனாங்கள்" எண்டு வைத்தியசாலையில் சொல்லக் கூடாது. இரண்டும் வேறு வேறு.

இங்கே அழுத்த அறைச் சிகிச்சைக்குத் திருகோணமலையில் கடற்படையிடம் போக வேணும். முதலில் கிட்டடி ஆதார வைத்தியசாலைக்கு, அங்கிருந்து அவர்கள் மூலமாக. 1990 அம்புலன்ஸை எடுத்தால் ஒட்சிசன் விடாமல் கேளுங்கோ. முல்லைத்தீவிலிருந்தோ மன்னாரிலிருந்தோ போற பாதை தாழ்ந்த நிலம்தான், உயரப் பிரச்சினை வராது.

முள்ளந்தண்டு வடம் பாதிக்கப்பட்டு கால் திரும்பாமல் போனவர்களுக்கு மாங்குளத்தில் உயிரிழை அமைப்பு இருக்கு. யுத்தத்தில் காயப்பட்டவர்கள் சேர்ந்து நடத்துகிற இடம். படுக்கைப்புண், சிறுநீர்க் குழாய் பற்றி வீட்டாருக்கு அவர்கள் சொல்லித் தருகிற மாதிரி வேறு ஆள் சொல்ல ஏலாது.

---

சங்குத்துறை:

மூன்று பேருக்கும் ரொம்ப நன்றி. ஒரு முடிச்சுக்கு 12 விநாடி என்பது அப்படியே தாளில் போகிறது. பி டைப் சிலிண்டர் வாங்க முடியாதவர்கள் ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர் வைக்கலாமா என்று கேட்கிறார்கள். வீட்டுக்கு வந்தவர்களைப் பற்றியும் யாராவது சொல்லுங்கள், அதுதான் இப்போது அவசரம்.

---

அழுத்தஅறை:

கான்சன்ட்ரேட்டர் வேண்டாம். 5 லிட்டர் மெஷின் கொடுப்பதில் மாஸ்க்குக்குள் வெளிக்காற்று கலந்துவிடும். அதற்கு மின்சாரமும் வேண்டும். நைட்ரஜனை வெளியே தள்ளச் சுத்த ஆக்சிஜன் நிறைய வேண்டும், சிலிண்டர்தான் வழி. படகுகள் சேர்ந்து போகும்போது மூன்று படகுக்கு இரண்டு சிலிண்டர் என்றாவது பொதுவில் வையுங்கள். எந்தப் படகில் இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

---

மறுவாழ்வு_நர்ஸ் பதில்:

வீட்டுக்கு வந்தவரைப் பற்றி. கால் வருமா என்பதில்தான் எல்லோர் கவனமும் இருக்கும். உயிருக்கு ஆபத்து வருவது சிறுநீரிலிருந்தும் தோலிலிருந்தும்தான். இரண்டையும் முதல் நாளிலிருந்தே பிடித்துவிட வேண்டும்.

சிறுநீர்: நிரந்தரக் குழாயை மாதக்கணக்கில் விட்டுவிடாமல், மருத்துவர் அனுமதித்ததும், 4 முதல் 6 மணி நேரத்துக்கு ஒரு முறை தானே குழாய் விட்டு எடுக்கப் பழக வேண்டும். கை நன்றாக இருப்பதால் இவர்கள் ஒரு வாரத்தில் கற்றுக்கொள்வார்கள். ஆண்களுக்கு 12 அல்லது 14 அளவுக் குழாய். சோப்புப் போட்டுக் கை கழுவி, முனையைச் சுத்தம் செய்து, ஜெல்லி தாராளமாகத் தடவி, ஆண்குறியை வயிற்றுப் பக்கமாக நிமிர்த்திப் பிடித்து மெதுவாகச் செலுத்த வேண்டும். தடை வந்தால் அழுத்தாமல் ஒரு மூச்சு விட்டுக் காத்திருங்கள், சுருக்குத் தசை தளரும். ஒரு முறைக்கு 500 மில்லிக்கு மேல் வந்தால் இடைவெளி அதிகம் அல்லது தண்ணீர் அதிகம். ஒரு நோட்டில் நேரமும் அளவும் எழுதுங்கள். குழாய் விடப் பயந்து அடிவயிற்றை அமுக்கிச் சிறுநீர் எடுப்பார்கள். அழுத்தத்தில் அது மேல்நோக்கிச் சிறுநீரகத்துக்குத் திரும்பும், செய்யாதீர்கள். குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், கலங்கிய சிறுநீர் என்றால் அன்றே டாக்டர்.

தோல்: படுக்கையில் 2 மணிக்கு ஒரு முறை புரட்ட வேண்டும், ராத்திரியும்தான். அலாரம் வையுங்கள். தலையணையைக் கெண்டைக்காலுக்கு அடியில் கொடுத்துக் குதிகாலைக் காற்றில் நிறுத்துங்கள். வால் எலும்பு, இடுப்பு எலும்பு முனை, குதிகால் மூன்றையும் காலை, மாலை டார்ச் அடித்துப் பாருங்கள். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்ததும் வெளுக்காமல் சிவப்பாகவே நின்றால் புண் தொடங்கிவிட்டது. அந்த இடத்தில் எடை விழவே கூடாது. சிவந்த இடத்தைத் தேய்த்துவிடாதீர்கள். காற்றடைத்த வளையத்தில் உட்கார வைப்பது எல்லா ஊரிலும் நடக்கிறது. அது ஓரத்தில் அழுத்தி நடுவில் ரத்த ஓட்டத்தைக் கெடுக்கும். நாற்காலியில் 4 அங்குல நல்ல ஃபோம் மெத்தை போட்டு, கால் மணி, அரை மணிக்கு ஒரு முறை ஒன்றிரண்டு நிமிடம் முன்பக்கம் தொடைமேல் குனிந்திருக்கச் சொல்லுங்கள்.

மலம்: தினமும் அல்லது ஒருநாள் விட்டு ஒருநாள், ஒரே நேரம், சாப்பிட்ட அரை மணிக்குள். நேரத்தை மாற்றினால் குடல் பழகாது. கணுக்கால் தொங்கிப்போகாமல் பாதத்தைத் தினமும் மேல்நோக்கி வளைத்துப் பிடிக்க வேண்டும். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தால் ரத்தக்கட்டி. பிடித்துவிடாமல் உடனே காட்டுங்கள்.

பாதிப்பு மார்பின் டி6 (ஆறாவது மார்பு முள்ளெலும்பு) மட்டத்திலோ அதற்கு மேலோ இருந்தால் ஒரு எச்சரிக்கை. திடீரென்று மண்டையை உடைக்கும் தலைவலி, முகம் வியர்ப்பது, பிபி எகிறுவது. உடனே உட்கார வைத்து, இறுக்கமான துணியைத் தளர்த்தி, சிறுநீர் தேங்கியிருக்கிறதா, குழாய் மடங்கியிருக்கிறதா என்று பாருங்கள். காரணம் பெரும்பாலும் அதுதான்.

கடலில் மூழ்கி இப்படி ஆனவர்களுக்குத் தண்டுவடத்தில் பாதிப்பு பல நேரம் திட்டுத்திட்டாக இருக்கும், முழுக்கத் துண்டித்தது போல் இருக்காது. ஆசனவாயைச் சுற்றி ஊசி முனை குத்துவதை உணர முடிந்தால் நல்ல அறிகுறி. அதனால் சீக்கிரமே மறுவாழ்வு மையத்தில் சேருங்கள். வேலூர் சிஎம்சியில் 1966-ல் தொடங்கிய மறுவாழ்வு நிலையம் இருக்கிறது. அதை உருவாக்கிய டாக்டர் மேரி வர்கீஸ் விபத்தில் தண்டுவடம் அடிபட்டுக் கால் செயலிழந்து, சக்கர நாற்காலியிலிருந்தே அறுவை செய்தவர். உங்களுக்குப் பக்கம் தென்காசி மாவட்டம் ஆய்க்குடி அமர் சேவா சங்கம். அதை 1981-ல் தொடங்கிய ராமகிருஷ்ணன், 1975-ல் கடற்படை அதிகாரி தேர்வின்போது விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர். வீட்டில் பெயரே சொல்லாமல் மூலையில் கிடப்பவரை அங்கே ஒரு முறை கூட்டிப்போய்க் காட்டுங்கள்.

---

வலைத்தாள் பதில்:

காகிதம் பற்றி இரண்டு வரி. மீனவர் குழு விபத்துக் காப்பீட்டில் இறப்புக்கும் நிரந்தர முழு ஊனத்துக்கும் 5 லட்சம், பகுதி ஊனத்துக்கு இரண்டரை லட்சம், மருத்துவமனைச் செலவுக்கு 25,000 ரூபாய் வரை. டிஸ்சார்ஜ் தாளில் நரம்பு அழற்சி என்று மட்டும் இருந்தால் விபத்து என்று நிரூபிப்பது கஷ்டம். "ஆழ்கடலில் மூழ்கியதால் ஏற்பட்ட அழுத்தநீக்க நோய்" என்று தேதியோடு எழுதி வாங்குங்கள். யுடிஐடி அட்டைக்கு (மாற்றுத்திறனாளி அடையாள அட்டை) நிலை ஓரளவு நின்ற பிறகு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம். தண்டுவடப் பாதிப்புக்கு மாதப் பராமரிப்பு உதவித்தொகை விண்ணப்பமும் அங்கேயே.

---

சங்குத்துறை:

கடைசியாக ஒன்று. ஆக்சிஜன் வைத்து ஒரு மணி நேரத்தில் மரமரப்பு முழுக்கப் போய்விட்டால் வேலையைத் தொடரலாமா என்று நிச்சயம் கேட்பார்கள்.

---

அழுத்தஅறை:

கூடாது. ஆக்சிஜனை எடுத்ததும் திரும்ப வரும், சில நேரம் முன்னைவிட மோசமாக. கால் திரும்பியிருந்தாலும் அழுத்த அறைக்குப் போக வேண்டும். கரையில் குதிகாலும் விரலும் ஒட்டும்படி ஒரே கோட்டில் 10 அடி நடக்கச் சொல்லுங்கள், தடுமாறினால் இன்னும் பாதிப்பு இருக்கிறது. அன்று ராத்திரி ஒன்றுக்குத் தடையில்லாமல் போகிறாரா என்று வீட்டார் கேட்டுக்கொள்ளட்டும். சிகிச்சைக்குப் பிறகு காலில் சிறு மரமரப்போ சிறுநீர்த் தடையோ மிச்சம் இருந்தால் அவர் இனிக் கீழே இறங்கக் கூடாது. கயிறு பிடிக்கிற வேலைக்கு மாற்றுங்கள்.